நாலு நிலாவும் மடையடி வயலும்

வானத்து வியாழனைப் படம் எடுத்தது நானும் என் அண்ணனும். எடுத்த அத்தனை நாளும் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அதற்கு முன்னும் பேச்சில்லை. பின்னும் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ராமநாதபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் போட்டோக் கடை வைத்திருந்தேன். வீடும் நிலமும் நயினார்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில். அண்ணன் கொழும்பில் ஒரு துரை வீட்டில் வேலை பார்த்தான்.

அய்யா செத்தது நல்ல கோடையில். கொழும்புக்குத் தந்தி கொடுத்தோம். அண்ணன் வரும் வரை உடம்பு தாங்காது என்று ஊரே சொன்னது. மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். அண்ணன் கப்பல் ஏறி ரயில் ஏறி வந்து சேர்ந்தபோது சாம்பலும் கரைத்தாகிவிட்டது.

வாசலில் நின்று கேட்டான். "எனக்குள்ள கொள்ளிய எவன் வச்சான்?"

"நான்தான்."

"இனி ஒன்னோட பேசினா நான் எங்கய்யாவுக்குப் பொறக்கல."

நானும் விடவில்லை. "ஒனக்காகக் காத்திருந்தா அய்யா நாறிப் போயிருப்பாரு. நீ மூக்கப் பொத்திக்கிட்டுக் கொள்ளி வச்சிருப்பே" என்றேன்.

அதோடு முடிந்தது. இன்று கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

சில வருஷம் கழித்து அவன் கொழும்பை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டான். பெண்டாட்டியோடு ஒரு தகரப் பெட்டியும் ஒரு பித்தளைக் குழாயும் வந்தன. குழாய் ஆள் கை நீளத்தை விடக் கொஞ்சம் அதிகம். வானத்தைப் பார்க்கிற தூரக்கண்ணாடி. துரை சீமைக்குப் போகும்போது கொடுத்தானாம். கப்பல்துறையில் சோதனை போட்டவர்கள் தங்கம் இருக்கிறதா என்று அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

அய்யா கட்டிய வீடு பெரிய வீடு. நடுவில் தட்டி வைத்துப் பிரித்துக்கொண்டோம். கொல்லை மட்டும் பாகம் பிரியாமல் பொதுவில் கிடந்தது. அங்கே ஒரு பனைத் துண்டை நட்டு, அதன் தலையில் குழாயைப் பூட்டினான். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் அதன் அடியில் குந்திவிடுவான். அவன் எனக்கு 'பார்' என்று சொல்லவில்லை. நானும் 'காட்டு' என்று கேட்கவில்லை.

டீக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறான், வியாழனுக்குப் பக்கத்தில் நாலு நிலா இருக்கிறது, அதன் வயிற்றில் கோடு போட்டிருக்கிறது என்று. அன்றிலிருந்து அவனுக்கு ஊரில் பேர் 'நாலு நிலா'. அரிசி வாங்கப் போனால்கூட, "நாலு நிலாவுக்கு நாலு படி போடுப்பா" என்பார்கள். எனக்கு அது கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நிலத்தைப் பிரிக்கச் சாவடியில் கூடினோம். பங்கு வைத்தவர் ஊர் அம்பலகாரர். மற்றதெல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தது. மடையடி வயலில் வந்து நின்றது. கண்மாய் மடை திறந்தால் முதல் தண்ணீர் அதற்குத்தான். மற்ற வயல் காய்கிற வருஷமும் அது விளையும். எங்கள் சீமையில் அது போதும், அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ள.

அண்ணன் சொன்னான். "மடையடி எனக்குன்னு அய்யா சொன்னாரு. கடைசியா நான் கொழும்பு போறப்ப, ஸ்டேசன்ல வச்சுச் சொன்னாரு."

நான் அம்பலகாரரைப் பார்த்துக் கேட்டேன். "சாட்சி யாருன்னு கேளுங்க."

"நானும் அய்யாவும் மட்டுந்தான் இருந்தோம்னு சொல்லுங்க" என்று அவனும் அம்பலகாரரைப் பார்த்தே சொன்னான்.

பின்னால் இருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "ஏப்பா, அன்னைக்கு மேல நாலு நிலா இருந்திருக்குமே. அதுகளக் கூப்புடு சாட்சிக்கு."

சாவடியே சிரித்தது. அண்ணன் முகம் கறுத்துவிட்டது. அம்பலகாரர் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நல்ல கண்ணால் அவனைப் பார்த்தார்.

"இந்தா பாரு. நீ நெசம் பேசுற ஆளா, புளுகுற ஆளா? அது தெரிஞ்சாத்தான் நான் வயலப் பத்திச் சொல்ல முடியும். ஒன் குழாயில பாத்தவன்ல ஒனக்கு வேண்டியவன் நாலு நிலா இருக்குங்கிறான். ஒந் தம்பிக்கு வேண்டியவன் ஒரு மண்ணும் இல்லங்கிறான். எவன நான் நம்புறது?"

"படம் புடிச்சுக் காட்டுறேன்" என்றான் அண்ணன். "தொரை புடிச்சத நான் கூட இருந்து பாத்திருக்கேன். குழாய் என்னுது. கேமராவுக்கு எங்கயும் போக வேணாம். இந்தா நிக்கிறானே, இவன எடுக்கச் சொல்லுங்க. எனக்கு வேண்டாத பய எடுத்தா ஒருத்தனும் கள்ளப்படம்னு சொல்ல மாட்டான்ல."

அம்பலகாரர் என் பக்கம் திரும்பினார். "எடுக்கிறியாலே?"

"எடுக்கிறேன்" என்றேன். அவன் புளுகன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கையால் அவனை நாறடிக்கலாம் என்று நினைத்தேன்.

"சரி. கோடும் நாலு நிலாவும் அவன் சொன்னபடி இருந்தா அவன் பேச்சு நெசம். மடையடி அவனுக்கு. இல்லாட்டி ஒனக்கு." அதுதான் தீர்ப்பு.

கடையிலிருந்து சின்னக் கேமராவையும் கண்ணாடிப் பிளேட்டுகளையும் ஊருக்குக் கொண்டுவந்தேன். கேமராவின் முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் குழாயே அதற்குக் கண்ணாடி. இரண்டையும் சேர்க்க மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அண்ணன் ஒரு வளையம் செய்து வைத்திருந்தான். நான் அவன் குழாயைத் தொடவில்லை. அவன் என் கேமராவைத் தொடவில்லை. அந்தத் தகர வளையம்தான் எங்களுக்கு வரப்பு.

வேலை இதுதான். பெரிய குழாயின் முதுகில் ஒரு சின்னக் குழாய் உண்டு. அதில் கண் வைத்து, வியாழன் நடுவுக்கு வந்ததும் ஒருவன் சொல்ல வேண்டும். குழாயின் வாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருக்கும் மற்றவன் உடனே அட்டையை எடுத்து, திரும்ப மூட வேண்டும். வியாழன் நிற்காது. நடுவில் வந்தது வந்த வேகத்தில் நகர்ந்துவிடும்.

அண்ணன் கீழே குந்தியிருந்தான். நான் கவிழ்த்த உரல் மேல் ஏறி அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்களுக்கு நடுவில் மதினி. அண்ணன் பெண்டாட்டிக்கும் எனக்கும் பேச்சு உண்டு.

"தெறக்கச் சொல்லு" என்பான் அண்ணன்.

"தம்பி, தெறக்கணுமாம்" என்பார் மதினி.

நான் திறப்பேன்.

"மூடச் சொல்லு."

"தம்பி, மூடணுமாம்."

அவன் சொல்லி, மதினி சொல்லி, என் காதுக்கு வருவதற்குள் வியாழன் போய்விடும். அன்று எடுத்த பிளேட்டுகளைக் நெல் குதிருக்குப் பின்னால் சிவப்புத் துணி சுற்றிய அரிக்கேன் விளக்கை வைத்துக் கழுவினேன். ஒன்றில் ஒன்றுமில்லை. ஒன்றில் நத்தை ஊர்ந்த மாதிரி ஒரு கோடு. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள், "பொம்பள நாக்குல வந்து சேர்றதுக்குள்ள வியாழன் மதுரைக்குப் போயிருது" என்றான் அண்ணன்.

மதினிக்கு ஏறிவிட்டது. "ஏன், ரெண்டு கெடாயும் நேராப் பேசிக்கிட்டா கொம்பு ஒடிஞ்சிருமா? நான் ஒல வச்சிட்டு வந்து இங்கன நிக்கிறேன். வியாழனும் வேணாம் வெள்ளியும் வேணாம். எக்கேடும் கெட்டுப் போங்க." உள்ளே போய்விட்டார். அப்புறம் கூப்பிட்டும் வரவில்லை.

முருங்கை மரத்தில் என் வெள்ளாடு கட்டிக் கிடந்தது. அண்ணன் சின்னக் குழாயில் கண்ணை வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து ஆட்டைப் பார்த்துச் சொன்னான்.

"ஏ ஆடு. தெற."

திறந்தேன்.

"ஆடு. மூடு."

மூடினேன்.

சாடை பேசுவது எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். கோழியைத் திட்டுகிற மாதிரி மாமியாரைத் திட்டுவார்கள். ஆனால் சாடை பேசி வானத்தைப் படம் பிடித்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து எல்லாம் ஆட்டிடம்தான்.

"ஆட்டுக்கு என்ன கை நடுங்குது? சாராயம் குடிச்சிட்டு வந்துச்சா?" என்பான் அவன்.

"ஆட்டுக்குக் கை நல்லாத்தான் இருக்கு. மேய்க்கிறவனுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு" என்பேன் நான்.

"கொள்ளி வைக்க மட்டும் ஆட்டுக்கு அவசரம்."

"வராத மேய்ப்பனுக்காக ஆடு எத்தன நாளைக்குப் பொணத்தக் காக்கும்?"

ஆடு அசை போட்டபடி இரண்டு பேரையும் பார்த்தது.

வீட்டுக்குள் என் பெண்டாட்டி வேறு. எங்கள் கிணறு உப்பு. உப்புத் தண்ணீரில் பிளேட்டைக் கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் அவள் ஊருணியில் போய்ச் சுமந்துவந்த குடிதண்ணீரை எடுத்துக் கழுவினேன். "புள்ளைக்கு மோந்து குடுக்கத் தண்ணி இல்ல, கண்ணாடியக் குளிப்பாட்டுறாரு" என்று குடத்தை நங்கென்று வைப்பாள். அவளுக்கும் மடையடி வயல் வேண்டும். அதனால் அதோடு நிறுத்திக்கொள்வாள்.

மாசி கழியும் நேரத்தில் பிளேட்டில் ஏதோ விழத் தொடங்கியது. ஒரு நாள் அட்டையைக் கொஞ்சம் தாமதித்து மூடினேன். பிளேட்டைக் கழுவி, உலர்த்தி, அச்சுப் போட்டுப் பார்த்தேன். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளை. அதன் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மூன்று, சின்னச் சின்னக் கீறல்கள். நாலு. ஒரே வரிசையில் இருந்தன. பிளேட்டில் விழுந்த தூசியோ என்று பார்த்தேன். தூசி இல்லை.

திரும்பவும் எண்ணினேன், நாலுதான். ஆனால் நடுவில் இருந்த பொட்டில் கோடு இல்லை. மொழுக்கென்று வெள்ளை. அதில் கொஞ்சம் ஆறுதல்.

படத்தைக் கொல்லையில் உரல் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அண்ணன் எடுத்துப் பார்த்தான். அன்று சாயங்காலம் ஆட்டிடம் சொன்னான். "கோடு விழணும்னா பெருசாக் காட்டுற கண்ணாடியக் குழாய்க்கும் கேமராவுக்கும் நடுவுல வைக்கணும். சட்டுனு மூடணும். ஆட்டுக்கு அதுக்கு வெரசு பத்தாது."

பத்தும் என்று காட்டினேன். நாலைந்து நாள் பிடித்தது. கடைசியில் ஒரு பிளேட்டில் மிளகு அளவுக்கு வியாழன் விழுந்தது. உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் கொஞ்சம் அமுங்கி இருந்தது. நடுவில் குறுக்கே, நரைத்த மாதிரி இரண்டு கோடு. மங்கல்தான். ஆனால் கோடு. அதில் நிலா ஒன்றுகூட இல்லை.

கோடு வேண்டும் என்றால் சட்டென்று மூட வேண்டும். அதற்குள் நிலா விழாது. நிலா வேண்டும் என்றால் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் கோடு வெளுத்துவிடும். இரண்டையும் ஒரே பிளேட்டில் எடுக்கவே முடியவில்லை. எத்தனையோ விதமாக எடுத்துப் பார்த்துவிட்டேன்.

அண்ணன் ஆட்டிடம் வந்தான். "செத்துப்போன அப்பன் தலைய வெட்டி, உசுரோட இருக்க மகன் பக்கத்துல ஒட்டி, போட்டோக் கடைக்காரங்க படம் குடுக்கிறாங்கல்ல. அது மாதிரி ரெண்டையும் ஒரே காகிதத்துல சேத்துப் போட்டா என்ன?"

"ஒட்டத் தெரியும். ஒட்ட மாட்டேன்" என்று நானும் ஆட்டிடமே சொன்னேன்.

உள்ளே பெண்டாட்டி சொன்னாள். "கோடு இல்லாதத மட்டும் காட்டுங்க. எங்க கோடுன்னு கேளுங்க. வேலை முடிஞ்சுது."

"அதுவும் மாட்டேன்."

"அப்ப என்னத்தத்தான் செய்யப் போறீக?"

நான் கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் படம் எடுத்துக் காலம் தள்ளுகிறவன். என் படத்தைப் பார்த்து ஒருவனும் இதுவரை பொய் என்று சொன்னதில்லை. அவனுக்காகவும் அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். வயலுக்காகவும் மாட்டேன்.

பங்குனியில் சாவடி கூடியது. இரண்டு படத்தையும் அம்பலகாரர் கையில் கொடுத்தேன். நல்ல கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கை மாறிக் கை எல்லாரும் பார்த்தார்கள்.

"இதுல நெலா இருக்கு, கோடு இல்ல. இதுல கோடு இருக்கு, நெலா இல்ல. ரெண்டும் ஒரே வியாழனா, இல்ல வியாழனும் பாகம் பிரிஞ்சிருச்சா?" என்றான் ஒருவன்.

"அண்ணன் வியாழன் ஒண்ணு, தம்பி வியாழன் ஒண்ணு" என்றான் இன்னொருவன்.

ஏன் அப்படி விழுந்தது என்று சொன்னேன். அம்பலகாரர் கேட்டுக்கொண்டார். அவருக்குப் புரிந்தது பாதி. படத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"படம் கெடக்கட்டும். நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கல."

"இத்தன நாளா எடுத்திருக்க. ஒரு தரங்கூடப் பாக்கலயா?"

"அவன் காட்டல. நான் கேக்கல."

"நல்ல அண்ணன் தம்பி" என்றார். "இன்னைக்குப் பாரு. நாளைக்கு வந்து சொல்லு. அவனுக்கு வேண்டாதவன் நீ. நீ இருக்குன்னு சொன்னா இருக்கு. இல்லன்னு சொன்னா இல்ல. அதுக்கு மேல எனக்கு யாரும் வேணாம்."

அண்ணன் எழுந்து போய்விட்டான். வழியெல்லாம் என் ஆட்கள் கூடவே வந்தார்கள். "இல்லன்னு ஒத்த வார்த்த. அம்புட்டுத்தான்" என்றார்கள். நான் நடையை எட்டிப் போட்டேன்.

இருட்டத் தொடங்கியதும் கொல்லைக்குப் போனேன். அண்ணன் குழாயைத் திருப்பி வைத்துவிட்டு, வேலியோரம் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பார் என்று ஆட்டிடம்கூடச் சொல்லவில்லை. குந்திக் கண்ணை வைத்தேன். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. அப்புறம் வந்தது. அடுப்பில் பால் ததும்புகிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் ஆட்டம் நின்றபோது கோடு தெரிந்தது. இரண்டு. பக்கத்தில் நிலா. அவை இடம் மாறியிருந்தன. அன்று இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. என் பிளேட்டில் தனித்தனியாக விழுந்தது இங்கே ஒன்றாக இருந்தது.

நகர்ந்து போகிற வரைக்கும் பார்த்தேன். எழுந்து உள்ளே வந்துவிட்டேன். அன்று அவன் மேல் எனக்கு வந்த கோபம் அதுவரை வந்ததில்லை. புளுகனாக இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சாவடியில் அம்பலகாரர் கேட்டார். "என்னலே?"

"இருக்கு."

"என்ன இருக்கு?"

"நாலு நெலாவும் இருக்கு. கோடும் இருக்கு. ரெண்டும் சேந்தே இருக்கு."

என் ஆட்களில் ஒருவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனான். அம்பலகாரர் படங்களை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "மடையடி மூத்தவனுக்கு" என்றார். அண்ணன் அவரைக் கும்பிட்டான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அதை எதிர்பார்த்துச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி அடுப்பை மூட்டவில்லை. சேதி எனக்கு முன்னால் வந்திருந்தது. "மேல இருக்கிறதெல்லாம் எண்ணிச் சொல்லிட்டு, கீழ இருந்ததக் குடுத்துட்டு வந்துட்டாரு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பழைய சோற்றைப் பிழிந்து போட்டுத் தின்றேன். அவள் பல நாள் என்னோடும் பேசவில்லை. வீட்டில் பேச்சில்லாதவர்கள் எண்ணிக்கை கூடியது.

ஆவணியில் அண்ணன் மடையடி வயலை உழுதான். அதற்கு அடுத்த வயல் என்னுடையது. நடுவில் வரப்பு. காலையில் போய்ப் பார்த்தேன். வானத்தில் இருப்பதைச் சரியாகப் பார்த்துச் சொன்ன ஆள், என் வரப்பில் ஒரு சாண் சேர்த்து உழுதிருந்தான்.

வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவன் உழுத சாலிலிருந்தே மண்ணை வெட்டி, வரப்பைப் பழைய இடத்துக்கு ஏற்றிக் கட்டினேன். அவன் மடை மேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.